6.8க்கு ஏன் மஞ்சள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் உள்பக்கம் ஒன்றில், மாவட்டவாரியான பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் பற்றிய கட்டுரையோடு ஓர் அட்டவணை வெளியாகியிருந்தது. ‘பச்சை: நல்ல நிலை, சிவப்பு: கவனம் தேவை’ என்று அதன் தலையில் குறிப்பும் இருந்தது. எங்கள் ஊருக்கு வரும் பதிப்பில் அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளை. 38 மாவட்டங்களும் சாம்பல் நிறத்தில், சில கொஞ்சம் அடர்ந்தும் சில கொஞ்சம் வெளிறியும் நின்றன. என் மாமனார் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் ஐப்பசி வானம் மாதிரி இருக்கிறதே அம்மா, நம் மாவட்டம் நல்லதா கெட்டதா?” என்று தாளை என்னிடம் நீட்டினார். என்னாலும் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட அட்டவணைகளைச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. திண்டுக்கல்லில் ஒரு மாடியறையில் நானும் ஒரு தம்பியும் இரண்டு கணினிகளோடு உட்கார்ந்து கடைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்குக் கணக்குப் பக்கங்கள் எழுதித் தருகிறோம். சில ஆண்டுகளாகப் பைத்தான் என்ற கணினி மொழியில், டேஷ் என்ற கருவியைக் கொண்டு எழுதுகிறோம். கனடாவின் மான்ட்ரியால் நகரத்தைச் சேர்ந்த பிளாட்லி நிறுவனம் 2017இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. இணையப் பக்கம் செய்யத் தனியாக இன்னொரு மொழி படிக்காமல், பைத்தான் மட்டும் தெரிந்த ஒருவரே அட்டவணையும் வரைபடமும் கொண்ட பக்கத்தை எழுப்பிவிடலாம். அந்த அட்டவணையின் கட்டங்களுக்கு, ‘எண் இவ்வளவுக்குக் கீழே போனால் இந்த நிறம்’ என்று நிபந்தனை வைத்து நிறம் ஏற்றவும் முடியும். வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். “எண்ணெல்லாம் யார் படிப்பது, கலர் வைத்துக் கொடுங்கள்” என்பார்கள். நானும் வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், 2023 ஆடி மாதம் வரை.

எங்கள் மாவட்டத்து மகப்பேறு மருத்துவமனை ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே வரும் கர்ப்பிணிகளின் பரிசோதனை அட்டவணையை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். ஒரு வரிக்கு ஒரு பெண். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண், வயது, எத்தனையாவது வாரம், எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், அடுத்து வர வேண்டிய நாள். இவற்றில் ஹீமோகுளோபின் கட்டம் மட்டும் நிறம் மாறும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 7 கிராமுக்குக் கீழே இருந்தால் சிவப்பு, 10க்குக் கீழே ஆரஞ்சு, 11க்குக் கீழே மஞ்சள். கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைகள் இவை. 7க்குக் கீழ் கடும் ரத்தசோகை, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 10 முதல் 10.9 வரை லேசானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே எந்த மருத்துவமனையிலும் இந்த நெடுவரிசையில் பாதிக்குப் பாதி நிறம் ஏறித்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் யாருக்கு இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும், யார் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம் என்று பிரித்துக் காட்டத்தான் நிறம்.

அன்று செவ்வாய்க்கிழமை. பிரிண்டர் ஓடவில்லை என்று அழைத்ததால் போயிருந்தேன். அங்கே ஒரு மூத்த செவிலியர் உண்டு. எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். கணினி வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர். திரையைப் பார்க்கும்போதும் விரலை வைத்து ஒவ்வோர் எண்ணாக, வாயசைத்துப் படிப்பார். நிறத்தை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம்கூட இருந்தது. அவர் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“இங்கே வாம்மா. இந்தப் பிள்ளைக்கு 6.8 என்று போட்டிருக்கிறது. ஏன் மஞ்சள்?”

குனிந்து பார்த்தேன். 6.8தான். ரத்தச் சிவப்பாகக் கூவ வேண்டிய கட்டம், கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவுகிற மஞ்சளைப் போல மங்களமாக இருந்தது. பணிக்குப் புதிதாக வந்திருந்த பெண், மஞ்சள் என்றால் மாத்திரை கொடுத்து அடுத்த மாதம் வரச் சொல்ல வேண்டியவர்கள் என்று அந்தக் கர்ப்பிணியின் கோப்பை அதற்குரிய அடுக்கில் வைத்துவிட்டிருந்தாள். அவள் மேல் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். ‘நிறத்தைப் பார், அதன்படி அடுக்கு’ என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கர்ப்பிணி நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். பெரிய சிஸ்டர் தொலைபேசியில் அவருடைய கணவரைப் பிடித்து, மாலைக்குள் அழைத்து வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஏழு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். மருத்துவர் பார்த்து, அன்றிரவே ரத்தம் ஏற்றினார்கள். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. எழுந்து போகக் கால் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, இரவு பதினொரு மணிக்கு நிரலைத் திறந்தேன். தவறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை விளக்கமாகவே சொல்கிறேன். இன்று எத்தனையோ இளைஞர்கள் இந்தக் கருவியைக் கற்று, அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அட்டவணை எழுதுகிறார்கள். அவர்களில் யாராவது இந்தக் கடிதத்தைப் படிக்கலாம்.

டேஷில் நிற விதிகளை ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் இரண்டு பாதிகள்: எப்போது, என்ன நிறம். முதலில் நான் எழுதியபோது எல்லைகளை இருபுறமும் கட்டியிருந்தேன். ஆரஞ்சு என்றால் ‘7 அல்லது அதற்கு மேல், 10க்குக் கீழ்’. மஞ்சள் என்றால் ‘10 அல்லது அதற்கு மேல், 11க்குக் கீழ்’. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நிரல் நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினேன். ‘7க்குக் கீழ் சிவப்பு, 10க்குக் கீழ் ஆரஞ்சு, 11க்குக் கீழ் மஞ்சள்’ என்று மூன்றே வரி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 6.8 என்ற எண் 7க்கும் கீழ், 10க்கும் கீழ், 11க்கும் கீழ். மூன்று விதியும் அதற்குப் பொருந்தும். அப்படியானால் எந்த நிறம்? எக்செல்லில் விதிப்பட்டியலில் மேலே இருப்பதற்கே முன்னுரிமை. பைத்தானில் ‘இஃப், எலிஃப்’ (இப்படியானால் இது, இல்லை அப்படியானால் அது) என்று எழுதினாலும் முதலில் பொருந்துவதோடு கதை முடிந்துவிடும். இருபது வருடமாக என் கை பழகியது அதற்குத்தான். டேஷ் அட்டவணையில் இது தலைகீழ்: பட்டியலில் பின்னால் வரும் விதி முன்னால் வந்ததை மூடிவிடும். சுவருக்கு வண்ணம் அடிப்பதைப் போல, கடைசிப் பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும். என் பட்டியலில் கடைசிப் பூச்சு மஞ்சள். கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அதன் கையேட்டில் இந்த முன்னுரிமை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

சுருக்கிய பிறகு சோதித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். 10.6, 10.8 என்று இரண்டு எண்களைக் கொடுத்தேன். மஞ்சள் வந்தது. எழுந்து போய்விட்டேன். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை அந்த மருத்துவமனையின் திரையில் சிவப்பே வரவில்லை, ஆரஞ்சும் வரவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சிவப்பு கூடினால் எல்லாரும் பதறி என்னை அழைத்திருப்பார்கள். சிவப்பு இல்லாமல் போனபோது, இந்த வாரம் நல்ல வாரம் என்று இருந்துவிட்டார்கள்.

மறுநாள் மருத்துவரின் அனுமதியோடு பழைய தாள்களை வைத்துக்கொண்டு அந்த நான்கு நாள் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். 7க்குக் கீழே வேறு யாரும் இல்லை. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்த ஒரு மாதம் நிறத்தையே நம்பாமல், அந்த அட்டவணையை அடியோடு மாற்றி எழுதினேன். நிறத்தை நேரடியாக எண்ணோடு கட்டாமல், முதலில் ஒரு சொல்லைத் தீர்மானித்துக்கொள்வது என்று வைத்தேன். ‘கடுமை’, ‘நடுத்தரம்’, ‘லேசு’, ‘இயல்பு’. அந்தச் சொல் தனி நெடுவரிசையில் எழுத்தாக நிற்கும். நிறம் அந்தச் சொல்லுக்கு. அப்போது இன்னொரு பள்ளம் தெரிந்தது. ஆய்வகத்திலிருந்து வரும் கோப்பில், ஹீமோகுளோபின் நெடுவரிசையில் ஓரிடத்தில் எண்ணுக்குப் பதில் ‘உறைந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார்கள். எடுத்த ரத்தம் குழாயிலேயே உறைந்துவிட்டால் அளக்க முடியாது, உள்ளதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லால் நெடுவரிசை முழுவதையும் கணினி எழுத்தாக எடுத்துக்கொண்டது. எல்லை எண்களையும் நான் ஒரு கோப்பிலிருந்து எழுத்தாகவே படித்திருந்தேன். எழுத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டால் அகராதி வரிசைதான். முதல் எழுத்தைப் பார்க்கும்: ஒன்பது, ஒன்றுக்குப் பின்னால் வருகிறது. எனவே 9.8 என்பது 11ஐவிடப் பெரியது! நடுத்தர ரத்தசோகை உள்ள பெண் ‘இயல்பு’ என்று வந்தாள். இந்த முறை வீட்டிலேயே, சோதனையிலேயே பிடித்துவிட்டேன்.

சரி, எல்லாவற்றையும் எண்ணாக மாற்று, மாறாததை ‘எண் அல்ல’ என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். 9.8 சரியாகிவிட்டது. இப்போது அந்த ‘உறைந்துவிட்டது’ மாறி ‘எண் அல்ல’ ஆகியிருந்தது. கணினியில் ‘எண் அல்ல’ என்பதற்கு ஒரு குணம் உண்டு. அதை எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பெரிதா, சிறிதா, சமமா என்று கேட்டாலும் ‘இல்லை’ என்றே சொல்லும். 7க்குக் கீழா? இல்லை. 10க்குக் கீழா? இல்லை. 11க்குக் கீழா? இல்லை. எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றால் கடைசியில் மிஞ்சுவது ‘இயல்பு’, அதாவது பச்சை. ரத்தத்தை அளக்கவே முடியாத பெண், திரையில் ஆரோக்கியமாக, பச்சையாக நின்றாள். தெரியாது என்பதை நல்லது என்று காட்டுகிற அட்டவணையைவிட அட்டவணையே இல்லாதது மேல். அன்றுமுதல் நான் எழுதும் எந்த அட்டவணையிலும் முதல் கேள்வி ‘அளந்ததா?’ என்பதுதான். அளக்கவில்லை என்றால் சாம்பல் நிறம், ‘அளக்கவில்லை’ என்ற சொல்லோடு. டேஷில் கட்டம் காலியா என்று கேட்பதற்கென்றே ஒரு நிபந்தனை இருக்கிறது. இருந்தும், நான் பார்த்த அட்டவணைகளில் அதைப் பயன்படுத்தியிருப்பவை மிகக் குறைவு.

2024இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. கர்ப்பத்தின் இரண்டாவது மும்மாதத்துக்கு மட்டும் ரத்தசோகையின் எல்லை 11 அல்ல, 10.5 என்றது. அந்த மாதங்களில் உடலில் நீர்ப்பகுதி பெருகி ரத்தம் இயல்பாகவே கொஞ்சம் நீர்த்துப் போகும். மருத்துவர் அதைப் பின்பற்றலாம் என்று முடிவு செய்தார். நான் எல்லையை மாற்றினேன். முந்தின நாள் 10.7 உடன் மஞ்சளில் இருந்த இருபதாவது வாரக் கர்ப்பிணி ஒருவர் மறுநாள் பச்சைக்கு வந்துவிட்டார். அவருடைய ரத்தத்தில் ஒரு துளிகூட மாறவில்லை. எங்கோ ஓர் எண் மாறியது. பெரிய சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் கலருக்குக் கீழே அந்த எண்ணை எழுதி வை அம்மா. எந்த நாளிலிருந்து என்றும் எழுதி வை” என்றார். எழுதி வைத்தேன். அட்டவணையின் அடியில் இப்போது ஒரு வரி நிற்கிறது: எல்லைகள் எவை, எந்த வழிகாட்டுதல், எந்த மருத்துவர் ஒப்புதல் தந்தார், எந்தத் தேதியிலிருந்து.

இந்த ஒரு வரிக்காகத்தான் ஆசிரியர் அவர்களே, இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஞாயிறு அட்டவணையில் அது இல்லை.

எது பச்சை, எது சிவப்பு என்பதற்கு எல்லை எண் கொடுக்காவிட்டால், அந்த நிறங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பூசியவையாக இருக்கும். பைத்தானில் பாண்டாஸ் என்ற தொகுப்பில் ஒரே வரியில் நெடுவரிசை முழுவதற்கும் வெளிறலிலிருந்து அடர்த்தி வரை நிறம் ஏற்றலாம். மிகவும் வசதி. ஆனால் சும்மா விட்டால் அது அந்த நெடுவரிசையிலுள்ள மிகக் குறைந்த எண்ணை ஒரு முனையாகவும், மிக உயர்ந்த எண்ணை மறுமுனையாகவும் வைத்துக்கொள்ளும். ஒரு முகாமில் வந்த பெண்களின் ஹீமோகுளோபின் எல்லாம் 7.2க்கும் 9.6க்கும் இடையில் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர்கூட இயல்பு இல்லை. ஆனால் 9.6 அடர் பச்சையில் மின்னும். பக்கத்தில் இருப்பவரைவிட மேல் என்பதற்காக.

தேர்ச்சி விகிதத்திலும் இதுவேதான், திசை மட்டும் மாறி. என் மகள் தேர்வெழுதிய 2024 பிளஸ் டூ எண்களை வெட்டி வைத்திருக்கிறேன். மாநிலத் தேர்ச்சி 94.56 சதவீதம். முதலில் திருப்பூர், 97.45. கடைசியில் திருவண்ணாமலை, 90.47. ‘கடைசி ஐந்துக்குச் சிவப்பு’ என்று விதி போட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் தேறிய மாவட்டம் சிவந்து நிற்கும். 38 மாவட்டங்களும் 99ஐத் தாண்டினாலும் அந்த ஐந்து சிவப்பு இருந்தே தீரும். அந்த மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் காலையில் தேநீர்க் கடையில் பத்திரிகையைப் பிரித்து அந்தச் சிவப்பைப் பார்ப்பதை நினைத்துப் பார்க்கிறேன். என் திரையில் சிவப்பு என்றால் ஒரு பெண்ணுக்கு இன்றிரவே ரத்தம் வேண்டும் என்று பொருள். அதே நிறத்தை 90 சதவீதத் தேர்ச்சிக்கும் பூசினால், பார்க்கிறவர்களுக்கு நிறம் மரத்துப் போகும். முதலிடம், கடைசியிடம் என்று காட்ட வேண்டுமானால் வரிசை எண் போதுமே. நிறம் எதற்கு?

கறுப்பு வெள்ளைப் பதிப்புக்கு வருகிறேன். இதிலும் என் மருத்துவமனையில் நடந்ததையே சொல்கிறேன். வார்டு சுற்றுக்குப் போகும்போது அட்டவணையைத் தாளில் எடுத்துப் போவார்கள். இணைய உலாவியில் பக்கத்தை அச்சிட்டால், நாம் தனியாகக் கேட்டாலொழியப் பின்னணி நிறம் அச்சாகாது. மை வீணாகக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, திரையில் எவ்வளவு கவனமாக நிறம் வைத்தாலும், வார்டுக்குப் போன தாள் வெறும் வெள்ளை. பின்னணியையும் அச்சிடச் சொல்லிப் பார்த்தோம். அங்கிருந்தது கறுப்பு மை லேசர் பிரிண்டர். ஆரஞ்சும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தன. உங்கள் உள்பக்கத்தைப் போலவே.

அந்த மருத்துவமனை ஆய்வகத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார். கெட்டிக்காரர். நான் புதிய அட்டவணையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மெல்ல, “மேடம், எனக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது” என்றார். அவர் காட்டியது சிவப்பையும் பச்சையையும். ரயில் ஓட்டுநர் வேலைக்குத் தேர்வெழுதி, மருத்துவப் பரிசோதனையில் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் அந்தப் பலகையில் தவறிப்போனபோதுதான் அவருக்கே அது தெரியவந்ததாம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத இந்தக் குறை பரம்பரையாக, பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு உண்டு. நம்மிடையே அதைவிடக் குறைவு என்றாலும், லட்சக்கணக்கில் வாசகர்கள் உள்ள நாளிதழுக்கு அது எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சாலை சிக்னலில் அந்தத் தம்பி எப்படிப் போகிறார் என்று கேட்டேன். “மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ” என்றார். நிறம் தவிர அவருக்கு இன்னொரு பிடி இருக்கிறது, இடம். அட்டவணையிலும் அப்படி இன்னொரு பிடி வேண்டும். இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலக நெறிமுறைகளும் இதையே கேட்கின்றன: ஒரு தகவலை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லாதே. ‘கடுமை’ என்ற அந்தச் சொல், தாளில் வெள்ளையாகப் போனாலும், சாம்பலாகப் போனாலும், அந்தத் தம்பியின் கண்ணுக்குப் போனாலும் ‘கடுமை’யாகவே போய்ச் சேரும்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். விடியற்காலையில் கேன்களோடு வரிசை நிற்கும். பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார். கொழுப்பைக் கண்டறிய, கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் விட்டு, கையால் சுற்றும் எந்திரத்தில் வைத்துச் சுற்றி, குழாயின் கழுத்தில் ஏறி நிற்கும் மஞ்சள் கொழுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். பேரேட்டில் எல்லாம் நீல மை. எல்லைக்குக் கீழே போன அளவு மட்டும் சிவப்பு மை. சிவப்பில் எழுதினால் பக்கத்திலேயே அவர் சுருக்கக் கையெழுத்துப் போடுவார். ‘கொழுப்புக் குறைவு’, ‘நீர் சேர்ந்தது’ என்று காரணத்தையும் எழுதுவார். எல்லை எவ்வளவு என்பது அவருக்குப் பின்னால் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும்.

ஒருமுறை, சிவப்பு விழுந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சுவரைக் காட்டினார். பிறகு அதே கேனிலிருந்து இன்னொரு குழாயில் எடுத்து, அவரையே எந்திரத்தைச் சுற்றச் சொன்னார். சுற்றி முடித்ததும் குழாயை அவர் கையிலேயே கொடுத்து, “நீங்களே படியுங்கள்” என்றார். அவர் படித்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சிவப்புக்குச் சுவரில் ஓர் எண் இருந்தது, பக்கத்தில் ஒரு கையெழுத்து இருந்தது, சந்தேகப்பட்டவன் தானே அளந்து பார்க்க வழி இருந்தது. நான் கணினியில் பூசும் சிவப்புக்கும் இந்த மூன்றும் வேண்டும். இன்று வங்கியில், பள்ளியில், ஆட்சியர் அலுவலகத்தில், எங்கே போனாலும் சுவரில் ஒரு திரை இருக்கிறது. அதில் கட்டங்கள் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த நிறத்தைப் பார்த்து ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறது, இன்னொருவரின் கோப்பு தள்ளி வைக்கப்படுகிறது. எந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. ‘சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது’ என்கிறார். என்னைப் போல ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எழுதிய மூன்று வரிதான் அந்த சிஸ்டம். அவரிடம் யாரும் கேட்கவும் முடியாது.

நாளிதழ் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சுவரைப் போல. உங்களிடம் கேட்க முடியும் என்பதால் கேட்கிறேன். இனி நிறம் வைத்த அட்டவணை வெளியிடும்போது, எந்த எண்ணிலிருந்து எந்த நிறம், அந்த எல்லையை வகுத்தவர் யார் என்பதை அதன் அடியில் ஒரே வரியில் போடுங்கள். தகவல் கிடைக்காத மாவட்டத்தை வெள்ளையாக விடாமல் ‘தகவல் இல்லை’ என்று எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பதிப்புகளுக்காகக் கட்டத்துக்குள் ஓர் எழுத்தோ கோடோ சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தை வடிவமைப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

சென்ற ஞாயிறு அட்டவணையின் எல்லைகளையும் முடிந்தால் வரும் இதழில் இரண்டு வரியில் தெரிவியுங்கள். அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறோம். மாமனாருக்காக நானே பேனாவால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்